கஸ் கரடியின் கை உயரம்

வினிகர் ஊற்றாத உருளைக்கிழங்கு வறுவலை நான் சாப்பிடுவதில்லை. அதனால்தான் நீங்கள் வாங்கிவந்த பொட்டலத்தைத் தொடவில்லை, ப்ரூவிட் மேடம். தவறாக நினைக்க வேண்டாம். எங்கள் ஹார்லன் ஏரிக் கேளிக்கைப் பூங்காவில் அந்தக் காலத்தில் மேசைக்கு ஒரு வினிகர் குப்பி இருக்கும். 1980இல் அதை எடுத்துவிட்டுச் சின்னச் சின்ன உறைகளில் கொடுக்க ஆரம்பித்தார்கள். பூங்காவின் சரிவு அந்த வருடம்தான் தொடங்கியது. எங்கள் ரசிகர் சங்கத்தில் சிலர் 1988 வரை நன்றாக இருந்தது என்று வாதாடுவார்கள். எண்பத்தெட்டில் அவர்கள் பத்து வயதுப் பிள்ளைகள். அவர்கள் பேச்சுக்கு என்ன மதிப்பு? உண்மையான பொற்காலம் எழுபத்தொன்றிலிருந்து எழுபத்தொன்பது வரை. அப்போது எனக்குப் பத்து முதல் பதினெட்டு வயது என்பது தற்செயல்.

நான் முப்பது வருடம் வீடு வீடாகத் தபால் கொடுத்தவன். என்மேல் ஒரு புகார்கூட வந்ததில்லை. ஓய்வுக்குப் பிறகு ஒவ்வொரு கோடையிலும் பூங்கா வாசலில் பிள்ளைகளின் உயரத்தை அளக்கும் வேலை பார்த்தேன். வெண்டல் தாத்தா என்று கூப்பிடுவார்கள்.

சாம்பல் வாத்தைப் பற்றிச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது. அது எங்கள் மர ரோலர் கோஸ்டர். மழை பெய்து ஓய்ந்த காலையில் அதன் மரத்திலிருந்து தார் வாசனை வரும். ஐந்து வருடத்துக்கு முன் அதை இடித்தார்கள். கடைசி நாளில் சங்கத்தார் எல்லோரும் கையில் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு கடைசி வண்டியில் ஏறினோம். பிறகு வழக்கப்படி ஆளுக்கொரு மரத்துண்டு பங்கிட்டுக்கொண்டோம். எனக்குக் கஸ் கிடைத்தான். வாத்தின் வாசலில் ஒரு கையை நீட்டியபடி நிற்கும் சிவப்புத் தொப்பிக் கரடிப் பலகை. தலை அவன் கையைத் தொட்டால் ஏறலாம். தரையிலிருந்து நாற்பத்திரண்டு அங்குலம்.

வாத்து நின்ற இடத்தில் மின்னல் சவுக்கு என்ற இரும்புப் பூதத்தைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அதற்கு நாற்பத்தெட்டு அங்குலம் வேண்டும். அதை எடுத்துவிட்டு வாத்தை மறுபடி கட்டச் சொல்லி நாலாயிரம் பேரிடம் கையெழுத்து வாங்கினேன். மேலாளர் ஜனெல் அந்தக் காகிதக் கட்டை வாங்கி அலமாரியில் வைத்தாள்.

"பத்திரமா இருக்கும் வெண்டல். ஆனா ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. இந்த நாலாயிரத்துல நாப்பது பேரு நேர்ல வந்து ஏறியிருந்தா, வாத்து இன்னிக்கும் ஓடிக்கிட்டு இருக்கும்."

கெட்டிக்காரப் பெண். எனக்கு அவள்மேல் வருத்தமில்லை. அன்று வீட்டுக்குப் போகும் வழியில் நிதானமாக யோசித்தேன். ஒரு ரோலர் கோஸ்டரை இரண்டு காரணங்களுக்காகத்தான் மூடுவார்கள். கூட்டம் குறைய வேண்டும், அல்லது ஒருவர் சாக வேண்டும். கூட்டம் குறைவதாகத் தெரியவில்லை.

இயந்திரப் பிரிவில் லாயிட் என்று ஒருவன் இருக்கிறான். அவன்மேல் பழி போடாதீர்கள். அவன் சாப்பாட்டு நேரத்தில் பேசினான், அவ்வளவுதான்.

"ஏன் லாயிட், நாப்பத்தெட்டுன்னு எவன் கணக்குப் போட்டான்?" என்று கேட்டேன்.

"போட்டவன் வெவரமானவன்தான். மடியில பூட்டற கம்பி தொடை மேல உக்காரணும் பெருசு. பிள்ள சின்னதா இருந்தா கம்பி காத்தத்தான் புடிச்சிக்கிட்டு இருக்கும். மொத மேட்டுல வண்டி கீழ எறங்கும், பிள்ள எறங்காது."

"அப்ப கம்பி சரியா பூட்டலன்னு சிவப்பு விளக்கு எரியாதா?"

"பச்சதான் எரியும். உள்ள இருக்கறது பிள்ளையா தலகாணியான்னு கம்பிக்கு என்ன தெரியும்? அதுக்குத்தான வாசல்ல உன்னை உக்கார வச்சிருக்கு."

சிரித்தான். நானும் சிரித்தேன். பாதி சாண்ட்விச்சை எனக்குக் கொடுத்தான்.

வாசலில் நான் இருப்பதன் பொருள் உங்களுக்குப் புரிய வேண்டும். பழைய நாட்களில் ஒவ்வொரு சவாரியிலும் ஓர் ஆள் நின்று பிள்ளைகளை அளப்பார். புது நிர்வாகம் வரிசை சீக்கிரம் நகர வேண்டுமென்று அதை நிறுத்திவிட்டது. இப்போது வாசலில் ஒரே ஒரு முறைதான் அளப்பார்கள். உயரம் குறைந்தால் மஞ்சள் கைப்பட்டை, எட்டினால் நீலம். உள்ளே ஒருவரும் மறுபடி அளப்பதில்லை; நீலத்தைப் பார்த்தால் ஏற்றிவிடுவார்கள். இந்த ஏற்பாடு ஆபத்தானது என்று நான் எழுதியே கொடுத்திருக்கிறேன். கடிதத்தின் நகல் என் வீட்டில் இருக்கிறது.

ஜூலையில் பழைய நாட்கள் வாரம் என்று ஒன்றை அறிவித்தார்கள். ஜனெலே என்னிடம் வந்து கஸ்ஸைக் கேட்டாள்.

"படம் எடுத்துக்க மட்டுந்தான் வெண்டல். அளக்கறதுக்கு உங்க கம்புதான், சரியா?"

சரி என்றேன். திங்கட்கிழமை காலையில் கஸ்ஸை வாசலில் நிறுத்தினேன். அளவுக்கம்பை அவன் முதுகுக்குப் பின்னால் சாய்த்துவைத்தேன். பெரியவர்கள் அவனைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்கள். ஓர் ஆள் அவன் தொப்பியைத் தடவிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பூங்கா பல வருடம் கழித்துப் பூங்காவாக இருந்தது.

திங்கள் முதல் வியாழன் வரை, நாற்பத்தெட்டு எட்டாத பதினொரு பிள்ளைகளுக்கு நீலப் பட்டை கட்டினேன். பதினொருவரும் திரும்பி வந்தார்கள். போகும்போது சிலர் எனக்குக் கையசைத்தார்கள். நானும் அசைத்தேன். புஷ்டியான பிள்ளைகளாகத் தேர்ந்தெடுத்தது பிழை என்று வியாழன் சாயங்காலம்தான் எனக்குப் பட்டது. தேர்ந்தெடுத்தது என்ற சொல்லை அடித்துவிடுங்கள். வந்தார்கள் என்று எழுதுங்கள்.

வெள்ளிக்கிழமை ஐவி வந்தாள். ஆறு வயது, மேல்வரிசையில் ஒரு பல் இல்லை, முழங்காலில் பிளாஸ்திரி. குச்சி போன்ற கால்கள்.

"இந்த வருஷமும் மஞ்சள்னா நான் கார்லயே உக்காந்துக்கறேன்" என்று தாயிடம் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"உக்காந்துக்கோ. ஜன்னல கொஞ்சம் தெறந்து வச்சிட்டுப் போறேன், நாய்க்குட்டிக்கு வைக்கிற மாதிரி."

"நாய்க்குட்டிக்குத் தண்ணியும் வைக்கணும்."

"வாயப் பாரு" என்றாள் தாய் ராஸ்லின். பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஒரு வாரமா கதவோரம் நின்னு அளந்துக்கிட்டே இருக்கா சார். வளந்திருக்காளான்னு நீங்களே சொல்லிருங்க."

"நான் எதுக்கு? கஸ் சொல்லுவான்."

அப்போதுதான் அவள் கரடியைச் சரியாகப் பார்த்தாள். "ஐயோ, இவன் இன்னும் இருக்கானா? சின்ன வயசுல என்னையும் இவன்கிட்டதான் நிக்க வச்சாங்க." ஒரு கணம் தயங்கினாள். "அந்தப் பெரிய சவாரிக்கும் இதே அளவுதானா?"

"கஸ் உங்கள ஏமாத்தியிருக்கானா?" என்று கேட்டேன்.

அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. ஐவியைக் கஸ்ஸின் கையருகே நிறுத்தினேன். நீலப் பட்டையைக் கட்டினேன். கைக்கு அது பெரிதாக இருந்ததால் இரண்டு துளை தள்ளிக் கட்ட வேண்டியிருந்தது. அவள் அதைச் சுழற்றிச் சுழற்றிப் பார்த்துக்கொண்டே உள்ளே போனாள்.

மணி பதினொன்று நாற்பது. ரோலர் கோஸ்டரில் அலறல் எப்போதும் இருப்பதுதான். ஆனால் அது மாறும்போது என்னைப் போல ஆண்டாண்டாய்க் கேட்டவனுக்குத் தெரிந்துவிடும். முதல் மேட்டுக்குப் பிறகு மாறியது. என் முன்னால் அடுத்த பையன் நின்றிருந்தான். அவனைக் கம்பு வைத்தே அளந்தேன். நாற்பத்தேழு. மஞ்சள் கட்டி அனுப்பினேன். ஓர் அங்குலம்தானே என்று அவன் அப்பா முணுமுணுத்தார். விதி விதிதான் சார் என்றேன்.

அன்றே மின்னல் சவுக்கை நிறுத்திவிட்டார்கள். பூங்காவையே இந்தப் பருவத்தோடு இழுத்து மூடப்போகிறார்கள் என்று நேற்று நீங்கள் சொன்னீர்கள். அதை நான் நம்பவில்லை. கோபத்தில் நிறையப் பேசுவார்கள். வாத்தின் வரைபடங்கள் முழுசாக என்னிடம் இருக்கின்றன; எந்தக் கட்டையில் எத்தனை ஆணி என்பது வரை. கேட்டால் கொடுப்பேன்.

எனக்கு வெறுப்பு கிடையாது. இதை வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பிள்ளைகளைத் திருப்பி அனுப்பாத ஒரு காலம் இருந்தது. அந்தக் காலத்தின் அளவை ஒரு வாரத்துக்குத் திரும்பக் கொண்டுவந்தேன். அளந்தவன் கஸ். ஏறியவள் அந்தப் பிள்ளை. நான் நடுவில் பட்டை கட்டியவன்.

மூன்றாவது தடவையாக அந்தக் காகிதத்தை என் பக்கம் தள்ளுகிறீர்கள். பிணப் பரிசோதனைக்காரரின் கணக்கு சரிதான். நாற்பது அங்குலம். அவள் தலைக்கும் கஸ்ஸின் கைக்கும் நடுவே என் இரண்டு விரல் நுழையும் இடம் இருந்தது. எழுபத்தொன்றிலும் அவளைத் திருப்பித்தான் அனுப்பியிருப்பார்கள்.

ராஸ்லின் குனிந்து பைக்குள் தொப்பியைத் தேடிக்கொண்டிருந்தாள். நான் பிள்ளையின் காதோடு, "நுனிக்கால்ல நில்லு கண்ணு" என்றேன்.

நின்றாள்.