ஆறு வாட்

– தியாமிகே அக்கா, அடுப்போட மாட்டின தகரத்துல இருக்கற தண்ணியத் தொடாதீங்கன்னு எத்தனை தரம் சொன்னேன்?

– நாலு தரம் சொன்னே, லிம்பானி.

– அப்புறமும் தொட்டிருக்கீங்க.

– நல்லாச் சுட்டுக்கிடந்துச்சுப்பா. வீட்டுல நாத்தனாருங்க, அவங்க பிள்ளைங்கன்னு ஒம்போது பேரு. காலையில குளிக்கச் சுடுதண்ணி குடுக்கலேன்னா என் மானம் ப்ளான்டயர் ஊரு பூரா நாறிடும். மொண்டு குடுத்துட்டு, பச்சைத் தண்ணிய ரொப்பி வெச்சேன். தலைக்கு ஒருவாட்டி.

– தெனமுமா?

– வந்தவங்க தெனமும்தானே குளிப்பாங்க.

– அக்கா, ன்சிமாக் களி கிண்டறப்ப அடுப்புச் சுவரு கொதிக்குது. தண்ணித் தகரம் அதவிடக் குளுந்து கெடக்குது. அந்தச் சூட்டு வித்தியாசத்துலதான் நடுவுல இருக்கற சில்லு கரண்ட் தருது.

– அப்ப நான் பச்சைத் தண்ணி மாத்தினது நல்லதுதானே?

– அதாங்க என் கணக்கக் கெடுத்துச்சு. தண்ணி குளுந்தாலே கரண்ட் கூடிடும். சில்லுக்குள்ள பொடிப்பொடியா தூணுங்க இருக்கு. அதுகளைக் கொஞ்சம் உசரமாக்கி மெலிசாக்கவே ரெண்டு வருசம் போச்சு. பழைய சில்லு தந்தது மூணு வாட். புதுச மாட்டின இந்த வாரம் ஆறு. தூணால வந்துச்சா, உங்க நாத்தனாருங்க குளிச்சதால வந்துச்சான்னு நான் எப்படிச் சொல்ல?

– ஆளுக்குப் பாதின்னு எழுதிக்கோ.

– உங்களுக்கு வெளையாட்டா இருக்கு. புதுச் சில்லு ஆறு வாட் தருதுன்னு நேத்தே காலேஜுல எழுதிக் குடுத்துட்டேன். நாளைக்குப் பத்து மணிக்குப் பெரியவங்க முன்னாடி நிக்கணும். பொய்யுன்னு ஆச்சுன்னா இந்த வேலையவே மூடிடுவாங்க.

– உன் சில்லு கரண்ட்டுல வெளக்கு பளீர்னு எரிஞ்சுச்சுன்னு நான் வேணா வந்து சொல்றேன்.

– நீங்க வரவே வேணாம். பாதியாவது தூணாலதான் வந்திருக்கும், அந்த நம்பிக்கையிலதான் நிக்கறேன். புதுச அடுப்புலேருந்து கழட்டிக் குடுங்க. சாயங்காலத்துக்குள்ள தண்ணி மாத்தாம அளந்து பாத்துடறேன்.

– அடுப்புல ஏது புதுசு?

– ரெண்டு சில்லும் ஒரே மாதிரி டப்பாவுலதான் இருக்கும். பழசக் கழட்டிட்டு இத மாட்டுங்கன்னு போன வாரம் உங்க கையிலதானே குடுத்தேன்?

– குடுத்தே. புதுசப் போயிக் கரியில வெக்க எனக்கு மனசு வரலப்பா. அன்னைக்கே துணியில சுத்தி, நல்ல தட்டுங்களோட அலமாரியில பத்திரமா வெச்சுட்டேன்.