கெண்டைக்காலில் நான்கு அடி

பள்ளிச் சீருடை தைக்கும்போது கீழ்மடிப்பில் மூன்று விரல் துணி கூடுதலாக விடுவேன், ஐயா. பிள்ளைகள் மளமளவென்று வளர்ந்துவிடுவார்கள். அடுத்த வருடம் மடிப்பைப் பிரித்துவிட்டால் போதும். இப்படிப் பெற்றவர்கள் மனமறிந்து தைப்பதால் எங்கள் தெருவில் என் பேச்சுக்கு ஒரு மரியாதை உண்டு.

என் மகள் எட்டாம் வகுப்பு. கணக்குப் பரீட்சையில் பார்த்து எழுதிவிட்டாள் என்று டீச்சர் என்னை வரச் சொல்லியிருந்தார். போனேன். வராந்தாவில் இன்னும் ஏழெட்டுப் பெற்றோர், எல்லாருமே என் வாடிக்கையாளர்கள். டீச்சர் குரலை உயர்த்தவில்லை.

"தப்புன்னு அவளே ஒத்துக்கிட்டா சார். வீட்டுல போய் அடிச்சிடாதீங்க. பாவம், உங்களுக்குப் பயந்துதான் பார்த்து எழுதியிருக்கா."

பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். அவ்வளவுதான் நடந்தது.

அதுவரை நான் அவளை அடித்ததே இல்லை. ஒரு பார்வை பார்த்தால் போதும், தட்டில் கை வைத்தவள் அப்படியே எழுந்துவிடுவாள். அப்படி அடக்கமாக வளர்த்தவனுக்கு, நாலு பேர் முன்னால் புத்திமதி.

அன்று சாயங்காலம் கடை ஷட்டரை இறக்கிவிட்டு, துணி வெட்டும் மேஜைமேல் அவளைக் குப்புறப் படுக்கச் சொன்னேன். படுத்தாள். துணி அளக்கும் மரஸ்கேலை எடுத்தேன். கெண்டைக்காலில், சீருடை மறைக்காத இடமாகப் பார்த்து, மூன்று அடி. மூன்று போதும் என்றுதான் இருந்தேன்.

"யார் அடிச்சா?" என்று கேட்டேன்.

"நீங்கதாம்பா."

நான்காவது அதற்காக.

"யார் அடிச்சா?"

"டீச்சர்."

மறுநாள் காலை அவளைப் பள்ளி வாசலுக்குக் கூட்டிப்போனேன். நான் அதிகம் பேசவில்லை. பிள்ளைகளை விட வந்திருந்த பெற்றோரிடம் அவள் காலைக் காட்டினேன். மற்றதை அவர்களே பேசிக்கொண்டார்கள். பெற்றோர் கூட்டத்தில் ஒழுக்கம், கட்டுப்பாடு என்றால் முதல் ஆளாகத் தலையாட்டுகிறவர்கள்தான். முப்பது பேர் மாடி ஏறினோம். டீச்சர் கையில் சாக்பீஸோடு வெளியே வந்தார்.

"நான் எந்தப் பிள்ளையையும் தொட்டதில்லீங்க. வேணும்னா அவளையே கேளுங்க."

எல்லாரும் என் மகளைப் பார்த்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு டீச்சர் பக்கம் விரலை நீட்டினாள்.

தள்ளுமுள்ளில் டீச்சர் படியோரத்துக்கு வந்துவிட்டார். யார் கை பட்டு உருண்டு விழுந்தாரோ தெரியாது, என் கை இல்லை. என் கை என் மகள் தோளில் இருந்தது. டீச்சரிடம் ஓடப் பார்த்தாள், விடவில்லை. அந்தக் கூட்டத்தில் பிள்ளை மிதிபட்டுப் போவாள் இல்லையா. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் டீச்சர் இறந்துபோனார்.

நேற்று என் மகள் தனியாக இந்த ஸ்டேஷனுக்கு நடந்து வந்து எல்லாவற்றையும் சொன்னாள் என்கிறீர்கள். சொன்னது அத்தனையும் சரி. அடித்தது நான். பொய் சொல்ல வைத்தது நான். டீச்சர் செத்ததும் என்னால்தான். எங்கே கையெழுத்துப் போடவேண்டும், காட்டுங்கள்.

என் முகத்தில் முழிக்கமாட்டேன் என்கிறாளாம். அப்பாவுக்குக் கோபமே இல்லை என்று சொல்லுங்கள், ஐயா. யாருக்கும் பயப்படாமல் உண்மையைப் பேசுகிற பிள்ளையாகத்தான் நான் அவளை வளர்த்திருக்கிறேன்.