கஞ்சித் தொட்டிக் காட்சி

“நேத்து ஒரே கஞ்சிய ஏழு தடவ வாங்குனேன், மதினி.”

கீழக்குயில்குடியிலிருந்து வரும் டவுன் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். சமணர் மலை அடிவாரத்தில் ஒரு வாரமாக லண்டன் டிவிக்காரர்கள் பழைய கலெக்டர் கதை ஒன்றைப் படமெடுக்கிறார்கள். சொன்னவள் அதில் கஞ்சிக்கு நிற்கும் தாது வருடப் பஞ்சத்துக் கூட்டத்தில் ஒருத்தியாக நின்றிருக்கிறாள்.

“எதுக்குடி ஏழு தடவ?”

“ஒரு அகப்பை ஊத்துனதுமே என் கை தானா மறிச்சுப் போதும் போதும்ங்குது. படமெடுக்குற தொரை கத்துறாரு. பஞ்சத்துல கெடக்குறவ போதும்னு சொல்வாளான்னு கேக்குறாராம். கூட இருந்த மெட்ராஸ்காரரு தமிழ்ல சொன்னாரு.”

“அதுக்காக? ஒருத்தர் ஊத்துறப்ப கைய மறிக்காம எப்படி வாங்குறது?”

“அதத்தான் நானும் சொன்னேன். கேக்கலையே. பசிச்சாத்தான் சரியா வரும்னு மத்தியானச் சோத்த நிறுத்திப்புட்டாரு. மூணு மணிக்கு வெயில்ல நிக்க வச்சு மறுபடி எடுத்தாங்க.”

“சரியா வந்துச்சா?”



“எங்க வந்துச்சு? பசியில கண்ணு இருட்டிக்கிட்டு வருது மதினி. கை என்னமோ போதும்னுதான் போச்சு.”