பெரட்டுக்குக் கூப்பிட்ட ராத்திரி

மணி ஒண்ணு இருபது... ஊத்துற மழ. ஓப்பநாயக்கவுல இருந்து மேல தோட்டத்துக்குப் போற ரோட்டுல ஒரு நாய்கூட இல்ல.

ஷாமிளா, அந்த ஜன்னல சாத்து. கரண்ட் வர்ற வரைக்கும் தையல் மெசின் ஓடாது, எல்லாரும் கிட்ட வாங்க. நடுவுல எவளாவது சிரிச்சீங்க... அதோட நிறுத்திருவேன், சொல்லிப்புட்டேன்.

இது எங்க வீட்டுக்காரரோட தம்பி லியோனுக்கு நடந்தது.

அந்த ரோட்டு முடியிற எடத்துல தோட்டத்துப் பழைய ஆபீஸ். அதுல சின்னதா ஒரு பொலிஸ் போஸ்ட் போட்டிருந்தாங்க. முன்னால பழைய பெரட்டுக் களம். உங்களுக்குச் சொல்லவா வேணும்... விடியக்காலையில கங்காணி பேரு கூப்பிட, "இருக்கேங்க"ன்னு சொல்லிட்டு மலைக்கு வேலைக்குப் போற எடம். பதில் வரலன்னா அரப்பேரு, பாதிச் சம்பளம். பின்பக்கம் பூரா சரிவு. பத்து வருசத்துக்கு முந்தி அங்க மண்ணு சரிஞ்சு ஒரு லயமே, அந்த வரிசை வீடு பூரா, உள்ள போச்சு. பதினேழு பேரு. சின்னக்கண்ணு கங்காணியும் அதுல ஒருத்தரு. ஒரு பொணங்கூட எடுக்க முடியல்ல.

அந்த மண்ணுலதான் இந்த லியோன் களவா மாணிக்கக்கல்லு தோண்டப் போனான். தூ! கொழுந்தன்னு பாக்க மாட்டேன், புத்தி கெட்ட ஜென்மம். கூடப் போனது பழனியாண்டி. அவரு கல்லுக்குப் போகல்ல. பொண்டாட்டி பிரேமலதா அந்த மண்ணுக்குள்ளதான் கெடக்கா. ஒரு எலும்பாவது கெடச்சா அடக்கம் பண்ணலாம்னு போனாரு. ரெண்டு பேரும் இடுப்பளவு குழிக்குள்ள நிக்கிறப்போ பொலிஸ் வந்து புடிச்சிருச்சு.

புடிச்சது சார்ஜன் சேனாரத்ன. கூட, தமிழ் பேசுற கொன்ஸ்டபிள் ரிப்கான். சார்ஜன் லியோன அறைஞ்ச அறையில காதுல ரத்தம். பொலிஸ்காரன நான் எந்தக் காலத்துலயும் நல்லவன்னு சொன்னதில்ல. ரெண்டு பேரையும் கம்பிக் கூட்டுக்குள்ள போட்டுப் பூட்டினாங்க. விடிஞ்சதும் கோட்டுக்குக் கொண்டு போறதா இருந்துச்சு. அதுக்குள்ள பாலத்துக்கு மேல தண்ணி. போனும் வேல செய்யல்ல.

ஒண்ணு இருபதுக்கு... மொதல்ல வாடை. பச்ச மண்ணு வாடை, குழி வெட்டினா வருமே, அது. அப்பறம் களத்துல காலடி. சளக்... சளக்... ஒண்ணு ரெண்டு இல்ல. ரிப்கான் ஜன்னலால டோர்ச் அடிச்சாரு. மழ மட்டுந்தான் தெரிஞ்சுச்சு. சேத்துல மட்டும் புதுசு புதுசா குழி விழுந்துக்கிட்டே இருந்துச்சு, பாதம் பாதமா.

அப்ப ஒரு கொரல் தொண்டையச் செருமிச்சு.

"மாரியாயி."

"இருக்கேங்க."

"செபமாலை."

"இருக்கேங்க."

பழனியாண்டி கூட்டுக்குள்ள எந்திரிச்சுட்டாரு. "ஐயோ, சின்னக்கண்ணு கங்காணி கொரலு! பெரட்டு நடக்குதுங்க!"

"பிரேமலதா."

"இருக்கேங்க."

அந்த மனுசன் சட்டையச் சுருட்டித் தன் வாயிலயே திணிச்சுக்கிட்டாரு. அழுதா சத்தம் வெளிய கேக்கும்னு.

பேரெல்லாம் முடிஞ்சுச்சு. ஆனா பதினேழோட நிக்கல்ல...

"லியோன்."

அந்த மண்ணுல கல்லுக்கு எறங்கினவன் பேரும் ஏறிருச்சு, பாத்துக்கங்க. இவன் வாயத் தெறந்துட்டான். பயத்துல இல்ல, பழக்கத்துல. பதினெட்டு வயசுல இருந்து பெரட்டுல நின்ன வாயி அது. கம்பிக்குள்ள கைய விட்டு சார்ஜன் அந்த வாயப் பொத்தினாரு. "கட வஹபங்!" வாய மூடுன்னு சிங்களத்துல. சாயங்காலம் அறைஞ்ச அதே கை.

பதில் வரலன்னதும் அடி தொடங்கிச்சு. கதவு, ஜன்னல், கூரை, நாலு பக்கமும். கதவுக்குக் கீழால சேறு உள்ள வந்துச்சு. சார்ஜன் கூட்டுக் கதவத் தெறந்து விட்டாரு. நாலு பேரும் சேந்து மேசையையும் அலுமாரியையும் கதவுக்கு முட்டுக் குடுத்துட்டு முதுகு சாச்சு நின்னாங்க. கள்ளன் யாரு, பொலிஸ் யாருன்னு அப்ப பிரிக்க முடியாது.

"லியோன்."

வாயப் பொத்தினா கால் போகுது. அவன் கால் தானா நடக்குது! சார்ஜன் விலங்க எடுத்து ஒரு பக்கத்த லியோன் கையிலயும் மறுபக்கத்தத் தன் கையிலயும் மாட்டினாரு. சாவிய ரிப்கானுக்கிட்ட குடுத்தாரு. "விடியிற வரைக்கும் நானே கேட்டாலும் குடுக்காத"ன்னாரு.

அப்படியே மூணு மணித்தியாலம். பேரு கூப்பிடுறதும் அடிக்கிறதும். எங்க லியோன் பேசல்ல, பழனியாண்டியும் பேசல்ல. கூப்பிட்டா பதில் சொல்ற பழக்கம் நம்ம சனத்துக்கு மட்டுந்தான்னு எல்லாரும் நெனச்சுட்டாங்க. அங்கதான் பெசகிப் போச்சு.

நாலரைக்கு அடி நின்னுச்சு. வெளியில வேற கொரல். சிங்களம். பெரிய பொலிஸ் ஐயாமாரு கொரல்.

"சார்ஜன் சேனாரத்ன!"

டக்குனு சப்பாத்து ரெண்டும் சேந்துச்சு. நெஞ்ச நிமித்தி, இருவத்தாறு வருசம் சொன்ன மாதிரியே...

"சேர்!"

சொன்ன பொறகுதான் அவருக்கே புரிஞ்சுச்சு. மொகம் வெளுத்துப் போச்சாம். கால் கதவுப் பக்கம் நடக்குது, விலங்குல லியோனும் சேந்து இழுபடுறான். ரிப்கான் சாவியோட பாஞ்சாரு, லியோன் கையையாவது கழட்டி விட.

"தெறக்காதீங்க!" லியோன் கத்துறான். "தெறந்தா அவரு போயிருவாருங்க! என்னோடயே இருக்கட்டும்!"

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவன நான் இன்னும் வீட்டுக்குள்ள விடுறேன்.

மூணு பேரும் சார்ஜனக் கட்டிப் புடிச்சாங்க. அலுமாரி சாஞ்சுச்சு, கதவு ஒரு சாண் தெறந்துச்சு, டோர்ச் அணைஞ்சுச்சு... இருட்டுல லியோன் கையில இருந்த பாரம் சட்டுனு இல்லாமப் போச்சு.

விடிஞ்சப்போ மூணே பேரு. விலங்கோட மறுபக்கம் பூட்டுனபடி அப்படியே இருக்கு. வளையத்துக்குள்ள ஆளு இல்ல. மண்ணு. இறுக்கி அடச்ச பச்ச மண்ணு. சாவி ரிப்கானோட கைக்குள்ளயே இருந்துச்சு.

கேஸ் இன்னும் நடக்குது. லியோன் கொன்னான்னு சொல்றாங்க, பிணையிலதான் வெளிய இருக்கான். ரிப்கான் உத்தியோகத்த விட்டுட்டாரு. லியோன நாங்க யாரும் பேரு சொல்லிக் கூப்பிடுறதில்ல.

போன மழைக்குப் பழனியாண்டி அந்த ரோட்டுல வந்திருக்காரு. அதே ஒண்ணு இருபதுக்கு. சரிவுல பெரட்டு நடந்துக்கிட்டு இருந்துச்சாம். பதினேழு பேரும் "இருக்கேங்க"ன்னாங்களாம். கடைசியா கங்காணி, "லியோன்"னு கூப்பிட்டாராம்.

பதில் சிங்களத்துல வந்துச்சாம். சப்பாத்து சேர்ற சத்தத்தோட, நல்ல கணீர்னு...

"இன்னும் வரல்ல, சேர்."