கழித்துவிட்ட நாற்பது

இந்தப் பணிமனையைப் பெற்ற பிள்ளைபோல் பேணிவரும் தலைவர், மேலாளர் ஐயா அவர்களே! எண்ணைச் சொல்லி எமனை விரட்டும் எங்கள் டாக்டரம்மா அவர்களே! முப்பதாண்டு முதுகொடிய ஓட்டிவிட்டு முன்வரிசையில் முறுவலித்து அமர்ந்திருக்கும் மூத்த ஓட்டுநர்களே! வீட்டு வேலையை முடித்துவிட்டு வந்து, விடிந்ததும் பேருந்துகளைத் துடைத்துத் துலக்கும் தாய்மார்களே! தூணுக்குப் பின்னால் நின்று "சீக்கிரம் முடிப்பா" என்று கைகாட்டும் தோழர்களே! அனைவருக்கும் இந்தக் காற்றுக்காரனின் கனிவான வணக்கம்.

ஆம், காற்றுக்காரன்தான். இருபத்தாறு ஆண்டுகளாக டயர்ப் பிரிவில் காற்றடிக்கிறேன். என்ன அங்கே சிரிப்பு? மேடையிலும் அதைத்தான் செய்கிறேன் என்கிறாரா அந்த ஓட்டுநர்? சொல்லட்டும், சொல்லட்டும்! அவர் வண்டிக்கு நாளைக் காலையில் நான்தானே காற்றடிக்க வேண்டும்!

அன்பர்களே! பெண்களுக்கும் குடும்பத்தாருக்கும் இரத்த அழுத்தம் பார்க்க இன்று ஓர் அறை திறக்கிறோம். உள்ளம் துள்ளுகிறது! ஆனால் இந்த அறை எவரால் வந்தது? அறிஞரால் வந்ததா? ஆட்சியாளரால் வந்ததா? இல்லை ஐயா, இல்லை. அடியேனின் அசட்டுத்தனத்தால் வந்தது!

சென்ற ஆண்டு அலுவலகம் ஒரு பிரஷர் மிஷின் கொடுத்தது. ஓட்டுநர்களுக்கு மட்டும், திங்கட்கிழமைதோறும் பார்க்க வேண்டும் என்று உத்தரவு. பொறுப்பு யாருக்கு? "பிரஷர் பார்க்கிற ஆளுதானே நீ" என்று என் தலையில் கட்டினார்கள். எண்களை நோட்டில் எழுத, உதிரிபாகக் கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் அம்மையார் வந்தார். அவர் யார்? என்னைக் கட்டிக்கொண்டு கஷ்டப்படும் புண்ணியவதி! அதோ, மூன்றாவது வரிசையில் என்னை முறைக்கிறார், பாருங்கள்.

எங்கள் டயர்ப் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. காற்றை அளக்கப் புதுக் கேஜ் வந்தால் உடனே நம்ப மாட்டோம். காற்று சரியாக இருப்பதாகத் தெரிந்த ஒரு டயரில் வைத்துப் பார்ப்போம். ஐந்து கூடுதலாகக் காட்டினால் கேஜின் மேல் சாக்பீஸால் "ஐந்து கழி" என்று எழுதிவிடுவோம். மிஷினுக்கும் அதே மரியாதை செய்ய நினைத்தேன். குறையே இல்லாத ஒரு கை வேண்டுமே! என் மனைவியைப் பார்த்தேன்.

"இந்தாம்மா, கையை நீட்டு. உனக்கு ஒரு வியாதியும் கிடையாதே?"

"தலைவலிக்குக்கூட மாத்திரை போட்டதில்லைங்க. எனக்கு என்ன வரப்போகுது?"

நூற்று அறுபது என்றது மிஷின். அவளுக்கு நூற்றிருபதுதானே இருக்க வேண்டும் என்றேன் நான். பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் "நாற்பது கழி" என்று எழுதினேன். மூன்று மாதம் கழித்தேன் ஐயா! நூற்றிருபத்தைந்து இருந்தவருக்கு எண்பத்தைந்து. பணிமனை முழுக்க லோ பிரஷர்! நம் "ஹாரன்" அண்ணன், தொண்டையே ஹாரனாய்க் கொண்ட அந்த ஓட்டுநர், வீட்டுக்குப் போய் "எனக்கு லோ பிரஷர், உப்பைத் தூக்கலாப் போடு" என்று உத்தரவே போட்டுவிட்டார். தின்றார். ஏறியது. என் கழித்த கணக்கில் நூற்றைத் தாண்டியதும் "தேறிட்டேன்பா!" என்று என்னைக் கட்டிப் பிடித்தார்! சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். அண்ணனே சிரிக்கிறார்.

அதே மூன்று மாதத்தில் என் மனைவி என்ன சொன்னாள்? "கிடங்குல ஏணி ஏறினா மூச்சு வாங்குதுங்க" என்றாள். "தாடை வரைக்கும் வலிக்குதுங்க" என்றாள். "தூங்கி எழுந்தாலும் அசதியா இருக்குங்க" என்றாள். "வேலையைக் கொஞ்சம் குறைச்சுக்கோ" என்று நான் வாயால் அக்கறை காட்டினேன். அவள் வேலையில் ஒன்றையாவது நான் வாங்கிச் செய்தேனா? செவிடன் காதில் ஊதிய சங்குதான்!

ஒரு திங்களன்று டாக்டரம்மா வந்தார். பெட்டியின் மேல் எழுதியிருந்ததைப் படித்தார். "இது என்ன?" என்றார். நான் பெருமையோடு விளக்கினேன். அவர் சிரிக்கவில்லை. என் மனைவியை நாற்காலியில் முதுகு சாய்த்து, பாதம் தரையில் பதித்து, கையை நெஞ்சளவில் மேசைமேல் வைத்து, ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வைத்தார். தம் மிஷினில் பார்த்தார், நூற்று அறுபத்தாறு. எங்கள் மிஷினில் பார்த்தார், நூற்று அறுபத்தெட்டு.

"மிஷின் சரியாத்தான் இருக்கு. இவங்களுக்குத்தான் சரியில்லை" என்றார். பிறகு அவளிடம், "பிள்ளை உண்டாகியிருந்தப்போ பிரஷர் இருந்துச்சாம்மா?" என்று கேட்டார்.

"இருந்துச்சு டாக்டர். பிரசவத்தோட போயிடுச்சு. அதுக்கப்புறம் யாரும் பார்க்கலை. நான் அஞ்சு நிமிஷம் சும்மா உட்கார்ந்ததே இன்னைக்குத்தான் டாக்டர்."

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "ஏங்க, ஆம்பளைங்களுக்கு மட்டும்தான் இதயம் இருக்கா?"

மூச்சு வாங்குவதையும் தாடை வலியையும் அவள் சொல்லக் கேட்டதும் அன்றே மருத்துவமனைக்கு அனுப்பினார். இதயக் குழாயில் அடைப்பு. வெளியே பெஞ்சில் அழுதேன் ஐயா, வெட்கமில்லாமல் அழுதேன். நான் கழித்தது எண்ணையா? என் மனைவியின் ஆயுளை அல்லவா கழித்துக்கொண்டிருந்தேன்! காற்றை அளந்து நம்பினேன், கட்டியவளை அளந்தும் நம்பவில்லை! அடைப்பை நீக்கினார்கள், அவள் பிழைத்தாள். மாத்திரை சாப்பிடுகிறாள், காலையில் என்னை முந்தி நடக்கிறாள், மூச்சு வாங்குவது இப்போது எனக்குத்தான்!

தாய்மார்களே! அன்று டாக்டரம்மா கேட்ட கேள்விக்குப் பதில்தான் இந்த அறை. மாரடைப்பு ஆண்களுக்குச் சற்று முந்தி வரலாம். மாதவிடாய் நின்றபின் பெண்களையும் விட்டுவைக்காது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தால்தான் மாரடைப்பா? மூச்சிரைப்பாகவும் வரும், முதுகு வலியாகவும் வரும், ஆறாத அசதியாகவும் வரும். அழுத்தமோ பெரும்பாலும் அறிகுறியே காட்டாது. அளந்தால்தான் தெரியும்!

ஆண்களே, இப்போது கை தூக்குங்கள். உங்கள் வண்டி டயரின் காற்றளவு தெரிந்தவர்கள் யார்? அடேயப்பா, அத்தனை கைகள்! சரி, உங்கள் வீட்டுக்காரியின் இரத்த அழுத்தம் தெரிந்தவர்கள்? ஒன்று, இரண்டு... மூன்றே மூன்று! ஏன் தலையைக் குனிகிறீர்கள்? குனிய வேண்டாம். நானும் குனிந்தவன்தான். போய் அழைத்து வாருங்கள்! மனைவியை அழைத்து வாருங்கள், அம்மாவை அழைத்து வாருங்கள், அக்கா தங்கையை அழைத்து வாருங்கள்! அவர்கள் வேலையை நீங்கள் பாருங்கள், அவர்கள் ஐந்து நிமிடம் உட்காரட்டும்!

அங்கே என்ன சத்தம்? "பேசினது போதும், இறங்கி வந்து நாற்காலியைத் தூக்கிப் போடுங்க!" கேட்டீர்களா? மூன்றாவது வரிசையிலிருந்து எப்போது எழுந்து போனாளோ, அறை வாசலில் நின்று என்னை ஊரறிய அதட்டுகிறாள் என் மனைவி! இந்த அதட்டலை இன்று கேட்க முடிகிறதே, இதைவிட எனக்கு வேறென்ன வேண்டும்? டாக்டரம்மா, இதற்காகத்தான் உங்கள் காலடியில் என் நன்றி. பொறுமையாகக் கேட்ட உங்கள் இதயங்களுக்கும் நன்றி. எல்லோரும் நூறாண்டு வாழ்க! வணக்கம். இதோ வந்துட்டேம்மா!