கள்ளித் தோட்டத்தில் ஒரு வாழை

எனக்குத் தண்ணீர் வேண்டாம், மேடம். நீங்கள் பாதி குடித்து வைத்த பாட்டிலே மேசையில் இருக்கிறது. அதை முடித்துவிட்டு அடுத்ததைத் திறக்கச் சொல்லுங்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், தொழில் புத்தி. மஸ்கட்டில் பெரிய ஓட்டல்களுக்குத் தோட்டம் போட்டவன் நான். மழை பெய்தால் ஊரே வெளியே வந்து படம் பிடிக்கிற இடம் அது. அங்கே பூப்பூக்க வைத்தவனுக்கு வல்லம் ஒரு பொருட்டே இல்லை.

தஞ்சாவூர் என்றால் எங்கு பார்த்தாலும் தண்ணீர் என்று நினைக்கிறவர்கள் வல்லத்தில் மனை வாங்கியதில்லை. செம்பாறை மேடு. போர் போட்டால் புழுதி கிளம்பும். எங்கள் நகரில் மற்றவர்கள் லாரித் தண்ணீர் வாங்கிப் புல்தரை வளர்த்தார்கள். நான் யோசித்துத் திட்டம் போட்டேன். கூழாங்கல் பரப்பி, நடுவில் கள்ளியும் ரயில் கற்றாழையும். ஓரத்தில் வெயில் தாங்கும் நித்தியகல்யாணி. வேரடியில் மட்டும் சொட்டுநீர்க் குழாய். மாடியில் விழுகிற மழையெல்லாம் தரைக்கடியில் கட்டிய சம்ப் தொட்டியில் இறங்கும். அந்தத் தோட்டத்தைப் பார்த்தால் பெற்ற பிள்ளையைப் பார்ப்பதுபோல் எனக்கு நெஞ்சு நிறையும். பிள்ளை இல்லாதவன் சொல்கிறேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

என் மனைவி அனுராதா இன்னும் மஸ்கட்டில் நர்ஸாக இருக்கிறாள். அவளுடைய அப்பா பஞ்சநதம், திருப்பனந்தாள் பக்கத்தில் நஞ்சை வைத்திருந்தவர். மாமியார் போன பிறகு நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, ஒரு பெட்டியும் ஒரு மண்வெட்டியுமாக என் வீட்டில் வந்து இறங்கினார். ஐந்து ஆற்றைப் பெயரிலேயே வைத்துக்கொண்டு ஒருவர் வந்தபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

நல்ல மனிதர். குடி இல்லை, சீட்டு இல்லை. ஒரே ஒரு வியாதி, செடியைக் கண்டால் தண்ணீர் ஊற்றுவார்.

"மாப்ள, இது தோட்டமா, சுடுகாடா? கண்ணுக்குப் பச்சையா ஒண்ணு இருக்கா?"

"மாமா, இதுக்கெல்லாம் தண்ணி ஊத்துனா அழுகிடும்."

"அழுகுனா வடிச்சு விட்டுட்டாப் போச்சு. எனக்கு வடிகால் வெட்டத் தெரியாதா?"

இப்படிப்பட்டவரிடம் என்ன பேசுவது? ஒருநாள் நான் தஞ்சாவூருக்குப் போய்விட்டுத் திரும்பியபோது கூழாங்கல்லெல்லாம் மதிலோரம் குவிந்து கிடந்தது. தோட்டத்தைச் சுற்றி அழகாக வரப்பு. உள்ளே நான்கு பாத்தி. இடைஞ்சலாக இருந்ததென்று சொட்டுநீர்க் குழாயைப் பிடுங்கிச் சுருட்டி வைத்திருந்தார். சம்ப் மோட்டாரைப் போட்டு, என் கள்ளிகளைக் கணுக்கால் தண்ணீரில் நிறுத்தியிருந்தார். நடவு முடிந்த வயலைப் பார்ப்பவர்போல் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தார்.

"மூணு நாள் தண்ணி நிக்கட்டும் மாப்ள. வேர் புடிச்சிரும், அப்புறம் பாருங்க."

பார்த்தேன். ஒவ்வொரு கள்ளியாக, வெந்த கத்தரிக்காய்போல் சாய்ந்தது. எனக்கு அழுகை வந்தது. அவர் தேறுதல் சொன்னார், நல்ல விதை கிடைக்கவில்லை என்று.

மோட்டார் அறையைப் பூட்டினேன். திரும்பக் குழாய் போட்டு, திரும்பக் கல் பரப்பி, திரும்பச் செடி வைத்தேன். அப்போதுதான் அனுராதா போன் செய்தாள். "தீபாவளிக்கு வர்றேங்க. வந்ததும் அந்தக் கல்லையெல்லாம் அள்ளிட்டு, அப்பா சொல்ற மாதிரி வாழக்கன்னு வச்சிரலாம். பாவம், அவருக்கும் பொழுது போகணும்ல." வீடு அவள் பெயரில் இருக்கிறது, மேடம். அவள் சொன்னால் சொன்னதுதான்.

அடுத்த வாரம், மோட்டார் பூட்டிக் கிடந்ததால் மாமா சம்ப் மூடியைத் திறந்து வாளியால் இறைக்கப் பார்த்திருக்கிறார். கால் வழுக்கிவிட்டது. விபத்து என்று காலையில் சொன்னேனே, அதில் இதுவரைக்கும் நிஜம்.

ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டீர்கள். ஒரு சாவு விழுந்தால் எவ்வளவு தண்ணீர் ஆகும் என்று நீங்கள் யோசித்ததுண்டா? குளிப்பாட்ட வேண்டும், வீட்டைக் கழுவ வேண்டும். திருப்பனந்தாளிலிருந்து வேன் வேனாக வந்து, ஒருவர் விடாமல் என் வீட்டிலேயே தலையில் ஊற்றிக்கொண்டு போவார்கள். கருமாதிக்கு மறுபடியும் வருவார்கள். அதனால் சம்ப் நிரம்பி வழிகிற மழைநீர் இறங்க வெட்டியிருந்த குழியில் அவரை மரியாதையாகப் படுக்க வைத்தேன். சம்ப் தண்ணீரைக் கீழே கொட்டவில்லை. சொட்டுநீர்க் குழாய் வழியாகச் செடிகளுக்கே விட்டேன். கற்றாழைக்குப் பாகுபாடு தெரியாது.

அனுராதாவிடம், அவர் திருக்கடையூரில் ஒரு அறுபதாம் கல்யாணத்துக்குப் போய்விட்டு அப்படியே கோயில் கோயிலாகப் போகிறார் என்றேன். பத்து நாளில் அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "எங்கப்பாவ ஒரேயடியாத் தலை முழுகிட்டீங்களா நீங்க?" என்று போனில் கத்தினாள். "சத்தியமா இல்ல அனு," என்றேன். நிஜம்தானே, நான் கால்கூடக் கழுவவில்லை.

எனக்கும் மனசு இருக்கிறது, மேடம். ஈரமண்ணாக இருந்ததால் அந்தக் குழிமேல் ஒரு வாழைக்கன்று வைத்தேன், அவர் ஆசைப்பட்டாரே என்று. அது தளதளவென்று வளர்ந்தது. அடுத்த வீட்டு ஷம்சாத் மதில்மேல் எட்டிப் பார்த்து, "என்ன அண்ணே, அதிசயமா இருக்கு, உங்க தோட்டத்துல வாழையா?" என்று சிரித்தாள். சிரித்ததோடு விடாமல் படமெடுத்து அனுராதாவுக்கும் அனுப்பிவிட்டாள். நான் திருந்திவிட்டேன் என்று சந்தோஷமாம். பதினெட்டு வருஷம் என்னோடு குடித்தனம் நடத்தியவளுக்கு நான் வாழை வைக்கமாட்டேன் என்று தெரியாதா? அன்றைக்கே டிக்கெட் போட்டாள். விமான நிலையத்திலிருந்து நேராக உங்கள் ஸ்டேஷனுக்குத்தான் வந்தாள்.

இப்போது நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. ஆற்றில் வெள்ளம் போகும்போது அக்கரைக்கு நீந்திப் போனவர், ஒரு வீட்டுத் தொட்டியில் எப்படி மூழ்குவார்?

மூழ்கவில்லை. நான் போனபோது மிதந்துகொண்டுதான் இருந்தார். என்னைப் பார்த்ததும் வெட்கமாகச் சிரித்து, "கை குடுங்க மாப்ள," என்றார். உச்சி வெயில். மூடியில்லாத தொட்டியில் தண்ணீர் ஆவியாகிக்கொண்டிருந்தது. நான் மூடினேன். மூடி லேசானது, உள்ளேயிருந்து தள்ளினால் திறந்துகொள்ளும். அதனால் அதன்மேல் உட்கார்ந்து, அடைத்துக்கொண்டிருந்த சொட்டுநீர்க் குழாய்த் துளைகளை ஊசியால் ஒவ்வொன்றாகக் குத்திச் சரி செய்தேன். வெகுநேரம் தட்டினார். தட்டுவது நின்ற பிறகுதான் எழுந்தேன். அவ்வளவு ஆட்டத்துக்கும் ஒரு சொட்டுகூட வெளியே தெறிக்கவில்லை, மேடம். அந்தத் தொட்டி நானே கூட நின்று கட்டியது.