மேட்டில் நின்ற கார்

பிள்ளைகளே, பெங்களூர் ரயிலில் எதிர் சீட்டுக் கணவனும் மனைவியும் பேசியதை அப்படியே எழுதுகிறேன். முதலில் பேசியது மனைவி.

"அடுத்த மாசம் பொண்ணுக்குப் பிரசவம். கோலார் ஆஸ்பத்திரி வரைக்கும் நம்ம ஓட்டை காரு போவாது. ராபர்ட்சன்பேட்டையில பார்த்த பழைய காரு இன்னா ஆச்சு?"

"சூப்பரு! லேசா உருண்டதும் டக்குனு ஸ்டார்ட் ஆச்சு."

"எங்க நின்னுச்சு?"

"சர்ச் மேட்டுல, இறக்கத்தைப் பார்த்து."

"நம்ம காரை ஏன் தினம் மேட்டுல நிறுத்துறீங்க?"

"பேட்டரி செத்துப்போச்சே. உருட்டினாத்தானே கிளம்பும்."

"அப்ப அந்தக் காரு இன்னாத்துக்கு மேட்டுல நிக்குதாம்?"

கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நம்ம காரை விலைக்குப் பார்க்க நாளைக்கு ஆள் வராங்களே, எங்க நிறுத்தப் போறீங்க?"

"மேட்டுலதான்."

"நல்லா இருக்குய்யா! அந்தக் காரை விக்கிறவரு உங்களுக்கு நாமம் போடுறாரு, நீங்க இன்னொருத்தருக்கு. பொண்ணுக்கு நான் ஆட்டோ சொல்லிடறேன்."